பீச் மரத்தில் வெள்ளைப் பஞ்சு: நீங்கள் பார்த்ததுண்டா?

முதலில் பாசி என்றுதான் நினைத்தேன். போன அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைக்காட்டில் நடந்தபோது, ஒரு பீச் மரத்தின் (beech, பழம் தரும் பீச் இல்லை) அடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தது. நடுவில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வருமே, அதே சாயல். இது செதில் பூச்சி. எல்லாமே பெண், ஆண் இல்லாமலே பெருகுமாம். 1890 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸில் வந்து இறங்கியது.

பூச்சி மட்டும் மரத்தைக் கொல்வதில்லை. அது உறிஞ்சி வெடித்த பட்டை வழியாக நியோநெக்ட்ரியா என்ற பூஞ்சை உள்ளே போய்விடுகிறது. சிமெண்ட் பூசியதுபோல வழுவழுவென்று இருக்க வேண்டிய பட்டை, அம்மைத் தழும்பாகக் குழிந்து கிடந்தது. ஒரு மரம் இடுப்புயரத்தில் முறிந்திருந்தது. விழுந்த கிளைகளில் இந்த வருடத்து இலை அப்படியே இருந்தது.

சுற்றிலும் கைத்தடிப் பருமனில் இளம் பீச், நுழைய முடியாத அடர்த்தி. பரவாயில்லையே, காடு மீள்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கூட வந்த நண்பர் காட்டியல் படித்தவர். "அட, இதெல்லாம் செத்த மரத்தோட வேர்ல கிளைச்சதுப்பா. அதே உடம்பு. பருத்ததும் இதுக்கும் அதே கதிதான்" என்றார். இந்த நிழலில் சுகர் மேப்பிள் கன்றுகள் எழும்புவதே இல்லை. மான்கள் வேறு மேப்பிளை மேய்ந்துவிட்டு பீச்சைத் தொடாமல் போகின்றன.

நூற்றில் ஒரு மரத்தில்தான் பூச்சி ஒட்டாதாம். அப்படி ஒன்றைக் காட்டினார். சுத்தமான பட்டை, அதில் வரிசையாகக் கறுத்த தழும்புகள். கொட்டை தின்ன ஏறிய கருங்கரடியின் நகம்!

ஓஹயோவிலிருந்து மறுமொழி:

இங்கே வேறு தொல்லை, இலை நோய். 2012-இல் எங்கள் மாநிலத்து லேக் கவுண்டியில்தான் முதலில் கண்டார்கள். மொட்டுக்குள்ளேயே நூற்புழு என்ற நுண்ணிய புழு புகுந்துவிடும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவே கரும்பச்சைக் கோடுகள் தெரியும். எங்கள் வீட்டுப் பின்னால் எல்லா மரத்திலும் இருக்கிறது. உங்கள் கரடி மரத்தை ஒருமுறை பாருங்களேன்.

முதலில் எழுதியவர்:

ஜூனில் மறுபடி போனேன். கரடி மரத்தில் தாழ்ந்த கிளை ஒன்றுதான் எட்டியது. நான்கைந்து இலைகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. மேலே உச்சியில் என்ன இருக்கிறதோ, தெரியாது.