புன்னையை எங்கே பார்த்தீர்கள்?

தெம்பனிஸ்வாசி:
2014 தொடக்கத்தில் இங்கே சிங்கப்பூரில் வாரக்கணக்கில் மழை இல்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே புல்வெளி தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த மாமியாரைக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். சுற்றிலும் எல்லாம் வாடிக்கிடக்க, ஒரு மரம் மட்டும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது. மாமியார் குனிந்து ஓர் இலையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுநரம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் போல நெருக்கமான கோடுகள். "புன்னைடி இது! கபாலீசுவரர் கோயில் தலமரம்" என்றார். அதன் நிழலில்தான் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தேன்!

பாசிர் ரிஸ் நடையர்:
அக்கா, ஒரு சின்னத் தகவல். கிழக்குக் கடற்கரை கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். அங்கிருப்பவை நட்ட மரங்கள். ஆனால் புன்னை இந்தத் தீவுக்கும் சொந்த மரம். நம்மைப்போல் கப்பலேறி வந்ததில்லை. மலாய்க்காரர்கள் 'பெனாகா லாவுத்' என்பார்கள். லாவுத் என்றால் கடல். அதன் இடம் அலையேறும் கோட்டுக்குச் சற்று மேலே, மணலும் பாறையுமான கரை. உப்புக் காற்றும் தண்ணீரைத் தேக்காத மணலும் அதற்குப் பழக்கம். தடித்த மெழுகு இலை சும்மா அழகுக்கில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் நான் பார்த்தது கடலை நோக்கிப் படுத்தேவிட்டது. பச்சைக் கோலிக்குண்டு போன்ற காய் நீரில் மிதந்தே ஊர் மாறும், வௌவாலும் தூக்கிப்போகும். என் மகன் சட்டைப்பை நிறையப் பொறுக்கிவிட்டான். பூங்காவில் விழுந்ததைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லித் திரும்பப் போடவைப்பதற்குள் எனக்குத்தான் வியர்த்துவிட்டது.

துவாஸ் தொழிலாளி:
எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். ஆத்தா புன்னை எண்ணெயில்தான் விளக்கேற்றுவார். புகையும், ஆனால் காசு செலவில்லை. படகுக்கும் அந்த எண்ணெய்தான் பூசுவார்கள். அண்ணே, ஊரில் விதைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஓட்டோடு புதைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பருப்பில் அடிபடாமல் ஓட்டை மட்டும் தட்டி உடைத்துவிட்டால் சீக்கிரம் முளைக்கும். போன ஞாயிறு விடுப்பில் சாங்கிப் பக்கம் போனேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கொத்து, அதே வாசம். வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன். "பூ இருக்கட்டும், சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.