முள்ளங்கி பூத்துக்கினே கீது, காய் மட்டும் வைக்கல, இன்னா காரணம்?

மாடி_ராயபுரம்:
மொட்டை மாடியில பத்து குரோ பேக் வச்சிருக்கேன். மார்கழில ஒரே பாக்கெட் முள்ளங்கி வெத போட்டதுல மூணு செடிய புடுங்காம வெதைக்குன்னு வுட்டேன், இப்போ மூணு வாரமா பூத்துக்கினே கீது, தேனீயும் வருது, ஆனா ஒரு காய் நிக்கல, பூ காஞ்சி காம்போட உதிந்துடுது. பக்கத்து பேக்ல அஞ்சறைப்பெட்டில இருந்து எடுத்து தூவின கடுகு, அது காய்ச்சி தொங்குது. ஒரே வெயிலு, ஒரே தண்ணி, ஒரே எரு. பாக்கெட்ல எஃப்1 ஹைப்ரிட்னு போட்டிருந்துச்சி.

தண்டையார்பேட்டை_தல:
பிரஷ்ஷால பூவுக்கு பூ தடவி வுடுக்கா. போரான் கம்மியா இருந்தாலும் இப்டி ஆவும்.

மாடி_ராயபுரம்:
அதெல்லாம் பண்ணியாச்சி தம்பி. போரானும் போட்டேன்.

வெதக்காரன்_வியாசை:
அக்கா, பூவுல விரல வச்சா மஞ்சளா தூள் ஒட்டுதா? ஒட்டுச்சின்னா செடிக்கு நோவு ஒண்ணும் இல்ல, அது குணமே அதான். முள்ளங்கி, முட்டைகோஸ், நூக்கோல் எல்லாம் ஒரே குடும்பம், தன் மகரந்தத்த தானே ஏத்துக்காது. எஸ்-னு ஒரு மரபிடம் இருக்கு, அதுல பக்கத்து பக்கத்துல ரெண்டு ஜீன், ஒண்ணு சூல்முடில, அதான் பூ நடுவுல மகரந்தம் வந்து ஒட்டுற நுனில, காவல் நிக்கிற எஸ்ஆர்கே, இன்னொண்ணு மகரந்தத்து மேல ஒட்டிக்கினு வர எஸ்சிஆர், இந்த ரெண்டாவத 1999ல தான் கண்டுபுடிச்சாங்க. ரெண்டும் ஒரே வகையா இருந்தா தண்ணி குடுக்காம, மகரந்தத்துல இருந்து சூலுக்கு போற குழாய் வளர வுடாம அங்கயே நிறுத்திடும். நம்ம ஊர்ல பங்காளி வீட்ல பொண்ணு எடுக்கமாட்டோம்ல, அதே கதை தான். கோஸ்ல மட்டும் இந்த மாதிரி 50 வகை வரைக்கும் இருக்கு. அந்த மேல்பூச்ச பூசி அனுப்புறது மகரந்தம் பொறந்த செடி, அதனால தூளுக்குள்ள பாதி மரபு தான் இருந்தாலும் மேல பெரும்பாலும் செடியோட ரெண்டு அடையாளமும் இருக்கும்.

உங்க கேஸ்ல வில்லங்கம் எஃப்1 தான். ரெண்டு சுத்த லைன, அதான் தன்னோடவே சேத்து சேத்து ஒரே மாதிரி ஆக்குன வகைய, கலந்து எடுத்த வெத, மூணு செடியும் எஸ்-ல அச்சு அசல் ஒண்ணு, முப்பது வச்சாலும் பங்காளி தான்.

பெரம்பூர்_கீரை:
அப்போ கடுகு?

வெதக்காரன்_வியாசை:
நம்ம தாளிக்கிற கடுகு ரெண்டு இனம் கலந்து வந்தது, அதுக்கு இந்த தடை இல்ல, தானே காய்க்கும். கோஸ் ஹைப்ரிட்டே இந்த தடைய வச்சி தான் பண்ணாங்க, ரெண்டு லைன மாத்தி மாத்தி நட்டா ஒண்ணோட ஒண்ணு தான் சேரும், கையால ஆண் பாகத்த கிள்ள வேணாம். ஆனா அந்த லைனும் தானே காய்க்காது, அத வருசா வருசம் வெத எடுத்து காப்பாத்தணும்ல, அந்த தடைய தாண்ட வைக்கிறதுல தான் செலவு, மொட்ட பிரிச்சி பிரிச்சி மகரந்தம் வைக்கணும், இல்லன்னா உப்புத்தண்ணி அடிக்கணும், கார்பன் டை ஆக்சைடு ரூம்ல வைக்கணும். அதனால இப்போ நிறைய பேர் மகரந்தமே வராத லைனுக்கு போய்ட்டாங்க, அதுவும் 1968ல ஜப்பான்ல ஒரு முள்ளங்கில ஒகுரா கண்டுபுடிச்சது தான். உங்க பூவுல தூளே இல்லன்னா இந்த சங்கதி.

மாடி_ராயபுரம்:
தூள் நல்லா ஒட்டுது தம்பி. மொட்ட பிரிச்சி வச்சா எப்டி புடிக்கும்?

வெதக்காரன்_வியாசை:
காவல்காரன் டியூட்டிக்கு வர்றது பூ விரியறதுக்கு கொஞ்சம் முன்னாடி தான். ரெண்டு மூணு நாள்ல விரியப்போற மொட்டா பாத்து ஊசியால மெதுவா பிரிச்சி, அதே செடியில விரிஞ்ச பூவோட தூள வைங்க. நூல் கட்டி அடையாளம் வச்சிக்குங்க.

மாடி_ராயபுரம்:
பதினஞ்சு நாள் ஆச்சி. இருவது மொட்டுக்கு வச்சேன், பாதி நானே ஊசியால குத்தி கெடுத்துட்டேன், ஏழு காய் நிக்குது. விரிஞ்ச பூவுல வச்சது ஒண்ணு கூட இல்ல. இத வெதச்சா அதே முள்ளங்கி வருமா?

வெதக்காரன்_வியாசை:
வராது, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு பிரிஞ்சி போகும். சாப்பிட வச்சிக்குங்க, வெதைக்கு நாட்டு ரகம் அஞ்சாறு செடியா வைங்க, அதுல எஸ் கலந்து இருக்கும்.

பெரம்பூர்_கீரை:
என்கிட்ட நாட்டு வெள்ளை இருக்கு, ஒரு கைப்புடி தரேன்கா. அந்த பச்சை காயில ரெண்டு கிள்ளி சாம்பார்ல போட்டு பாருங்க, நல்லா இருக்கும்.