கேப்டன் லட்சுமியின் வீரத்தை மாணவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

உட்லண்ட்ஸ் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடக்கவிருக்கும் நிகழ்ச்சியில், இரண்டாம் உலகப் போரின்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமை தாங்கிய இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தலைவியாக இருந்த கேப்டன் லட்சுமியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஏற்பாட்டுக் குழுவில் இருவர் எழுப்பிய கேள்விகளுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அந்தப் பெண்கள் போர்முனையில் நின்று சண்டையிடவே இல்லை, அணிவகுப்புக்கும் படம் எடுப்பதற்கும் வைத்திருந்த படையில் வீரம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அப்போது சிங்கப்பூரை ஆக்கிரமித்திருந்த ஜப்பானியர் பக்கம் நின்றவர்களைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் முன் எப்படிப் புகழ முடியும் என்று மற்றவர் கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகளாகத்தான் எனக்குப் படுகின்றன. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பழைய ஏடு:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அம்மா. படை போர்முனைக்கு அனுப்பப்படவில்லை என்பது உண்மைதான். அதை மறைக்காமலே பேசுங்கள். 1944இல் அவர்கள் பர்மாவின் மேமியோ வரை சென்றார்கள். இந்தியாவின் வடகிழக்கில் பிரிட்டிஷாருக்கு எதிராக நடந்த இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால் முன்னேறும் வாய்ப்புக் கிட்டாமல், காயம்பட்டு வந்த வீரர்களுக்கு அங்கேயே சிகிச்சை அளித்தார்கள். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, தலைக்கு மேல் விமானங்கள் குண்டு வீச, பகலில் பதுங்கி இரவில் நடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். இரயிலில் திரும்பிய ஒரு குழு கெரில்லாக்களால் சுடப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இரு பெண்கள் உயிரிழந்தனர்.

ஆனால் லட்சுமியின் துணிச்சலைப் போர்முனையில் தேடுவதே தவறு என்பது என் கருத்து. 1914இல் சென்னையில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுமியாக இருந்தபோது, கேரளத்தில் பாட்டி வீட்டருகே, தொட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துச் சென்று பாட்டியின் கோபத்துக்கு ஆளானதைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1938இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவமும் படித்தார். விமானி ஒருவருடன் நடந்த திருமணம் ஒத்துவராதபோது, ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி அதிலேயே கிடக்காமல் விலகி, 1940இல் சிங்கப்பூருக்கு வந்து ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அந்தக் காலத்தில் கணவனை விட்டு வந்த பெண்ணை நம் சமூகம் என்ன பேசியிருக்கும் என்பதை மாணவர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுங்கள்.

1943 ஜூலை 9ஆம் தேதி சிங்கப்பூரின் பாடாங் திடலில் திரண்ட பெருங்கூட்டத்தில், பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்று நேதாஜி அறிவித்தார். இந்தியச் சுதந்திரக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளைத் தலைவர் எல்லப்பாவும் லட்சுமியும் வீடு வீடாகப் போய்ப் பேசி இருபது பெண்களைத் திரட்டினார்கள். அதுவரை துப்பாக்கியைத் தொட்டும் பார்த்திராத அந்தப் பெண்கள், கனமான என்ஃபீல்டு துப்பாக்கியை ஏந்தி, ஜூலை 12ஆம் தேதி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தார்கள். அதன் பிறகு தலைமையை ஏற்குமாறு நேதாஜி கேட்க, லட்சுமி தம் மருத்துவமனையை மூடிவிட்டுப் படைக்கு வந்துவிட்டார். அக்டோபர் 21ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் நேதாஜி அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தின் அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண்; மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பயிற்சி முகாம் தொடங்கியது. பெண்களைப் படையில் சேர்ப்பதை ஜப்பானிய அதிகாரிகள் விரும்பவில்லை. எதிர்ப்பு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.

தோட்டத்துப் பேரன்:
பழைய ஏடு ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். எங்கள் பாட்டியின் தங்கை ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து சென்றவர். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி, மேலே கங்காணியின் அதட்டல் என்று வாழ்ந்தவர், தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் அணிந்து, இந்துஸ்தானியில் இடப்பட்ட கட்டளைகளுக்கு நடை பழகினார். பின்னல் போன கதையைத்தான் அவர் அடிக்கடி சொல்வார். சண்டையைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார். ஊருக்குத் திரும்பியதும் இந்தத் தலையோடு உன்னை எவன் கட்டுவான் என்று அவருடைய தாயார் அழுதாராம்.

லட்சுமிக்குப் படிப்பும் குடும்பப் பின்புலமும் இருந்தன. இந்தப் பெண்களுக்கு எதுவும் இல்லை. சேருவதற்குத் தகப்பனோ கணவனோ கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. கோலாலம்பூரில் வைரத் தோட்டைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டு, வீட்டாரின் எதிர்ப்பையும் மீறிப் படையில் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயதுதான். அவரையும் சேர்த்துப் பேசினால் உயர்நிலை மாணவிகளுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கிளமெண்டி ஆசிரியர்:
இரண்டாவது கேள்வியைத் தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள். உங்கள் அரங்கில் சீனப் பாட்டனாரைக் கொண்ட பிள்ளைகளும் இருக்கக்கூடும். 1942இல் 'சூக் சிங்' என்ற பெயரில் ஜப்பானியர் இங்கே நடத்திய சீனர் படுகொலையையும், நம் தோட்டத்துத் தமிழர்களையே ஆயிரக்கணக்கில் சயாம் (தாய்லாந்து)–பர்மா மரண இரயில் பாதை வேலைக்கு இழுத்துச் சென்று சாகவிட்டதையும் சொல்லாமல் படையின் கதையை மட்டும் சொன்னால், அது பாதி வரலாறுதான். பிரிட்டிஷாரை வெளியேற்ற ஜப்பானின் துணையை நாடியது சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் அந்த முடிவை எடுத்தது இருபது வயதுத் தோட்டத் தொழிலாளி இல்லை. தலைமையின் அரசியல் கணக்கையும் அந்தப் பெண்கள் காட்டிய துணிவையும் தனித்தனியாக எடைபோட உயர்நிலை மாணவர்களால் முடியும். என் வகுப்பில் அவர்கள் அதை நம்மைவிட நிதானமாகவே செய்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி:
மூவருக்கும் நன்றி. ஜானகி அவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். சூக் சிங்கைப் பற்றித் தொடக்கத்திலேயே பேசிவிடுகிறேன். போருக்குப் பிந்தைய லட்சுமியின் வாழ்க்கைக்கும் நேரம் ஒதுக்குவது நல்லதா?

பழைய ஏடு:
கட்டாயம் ஒதுக்குங்கள். பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். மறு ஆண்டு, உடன் பணியாற்றிய பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறி, முதுமையிலும் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவந்தார். 1984இல் போபால் விஷவாயு விபத்தின்போது மருத்துவக் குழுவுடன் அங்கே சென்றார். 2002இல், 87 வயதில், அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்றார். 2012இல் காலமானபோது அவரது உடல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. இவற்றுள் எதை விட்டாலும் அந்தத் தேர்தலை விட்டுவிடாதீர்கள். கலாமின் பெயரைக் கேட்டதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.