ஆப்ஷன் ஓடினவங்க, அதை நிறுத்தப் பார்த்தவங்க: எந்த ஃப்ரன்ட் உங்களைப் படுத்தி எடுத்துச்சு?

பிட்ச்கீ:

ஜார்ஜியா, அட்லாண்டாவுக்கு வெளிய ஒரு ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல ஃப்ளெக்ஸ்போன் (ட்ரிபிள் ஆப்ஷனுக்குன்னே ஆளுங்களை நிறுத்தற விதம்) குவாட்டர்பேக்கா ஆடினவன் நான். இங்க ட்ரிபிள் ஆப்ஷன் ஓடினவங்களோ, அதுக்கு எதிர்ல டிஃபென்ஸ்ல நின்னவங்களோ, கேலரில உக்காந்து கத்தினவங்களோ யார் இருந்தாலும் எழுதுங்க. எந்த ஃப்ரன்ட், அதாவது டிஃபென்ஸ் முன்வரிசை நிக்கிற விதம், ரொம்பத் தொல்லை?

நானே ஆரம்பிக்கிறேன். புதுசா படிக்கிறவங்களுக்காக சுருக்கமா: ட்ரிபிள் ஆப்ஷன்ல ரெண்டு டிஃபென்டரை வேணும்னே தொடாம விட்ருவோம். முதல் ஆள் டைவ் கீ. அவன் உள்ள வந்து, நேரா நடுவுல ஓடற (அதுதான் டைவ்) ஃபுல்பேக்கைப் பிடிக்கப் பாத்தா நான் பந்தை உருவிட்டு வெளிய ஓடணும், வரலைன்னா ஃபுல்பேக் கிட்டயே விட்டுடணும். அடுத்த ஆள் பிட்ச் கீ. அவன் என் மேல பாய்ஞ்சா கூடவே ஓடி வர்ற ஏ-பேக்குக்கு, அதாவது ஓரத்து ஓட்டக்காரனுக்கு, பந்தைத் தள்ளி விடணும் (அதுதான் பிட்ச்), அவன் ஏ-பேக் பக்கம் போனா நானே மேல ஏறிடணும். ரெண்டு பேரை தொடாமலே ஏமாத்திட்டதால மிச்ச டிஃபென்டர்ங்க மேல நமக்கு ஆள் கணக்கு கூடுது, மொத்த சூட்சுமமும் இதுதான்.

4-3 ஃப்ரன்ட்ல, அதாவது லைன்ல நாலு பேர், பின்னாடி லைன்பேக்கர் மூணு பேர்னு வந்தா எங்களுக்குக் கொண்டாட்டம். அதுல ஒரு பக்கத்து டிஃபென்சிவ் டேக்கிள் நம்ம கார்டோட (பந்தைக் குடுக்கற சென்டருக்குப் பக்கத்து ஆளு) வெளித்தோள்ல நிப்பான், அவன்தான் 3 டெக்னிக். இன்னொரு டேக்கிள் சென்டரை ஒட்டி உள்ள தள்ளி நிப்பான். அந்த உள்ள தள்ளி நிக்கிற பக்கம் சாதா வீர் (மேல சொன்ன ட்ரிபிள் ஆப்ஷன்தான்) ஓடலாம், ஃபுல்பேக்குக்கு வழி இருக்கு. 3 டெக்னிக் பக்கம் அதையே ஓடினா ஃபுல்பேக் நேரா அவன் நெஞ்சுல போய் முட்டுவான். அதனால அந்தப் பக்கம் மிட்லைன். 3 டெக்னிக்கையே ப்ளாக் பண்ணாம விட்டு அவனையே படிக்கிறது (அவன் எங்க போறான்னு பாத்து முடிவெடுக்கிறது), ஃபுல்பேக் சென்டரோட முதுகு மேலயே நேரா போவான். எல்லா மேட்ச்லயும் ரெண்டு ரெண்டு பேரா வந்து இடிச்சுப் பழகின பெரிய உடம்புக்காரன், திடீர்னு எதிர்ல ஒருத்தருமே இல்லைன்னதும் அப்படியே நிமிர்ந்து நின்னு முழிப்பான் பாருங்க, அதுக்காகவே அந்த ப்ளேவைக் கூப்பிடச் சொல்லி கோச்சை நச்சரிப்பேன்.

படுத்தி எடுத்தது எதுன்னா மூணு பேர் லைன், ரெண்டு எண்டும் (ஓரத்து ஆளுங்க) 4ஐ-ல. அதாவது நம்ம டேக்கிளோட (கார்டுக்கு வெளிய நிக்கிறவன்) உள்தோள் மேல. வீர்ல நம்ம டேக்கிள் அந்த டைவ் கீக்கு உள்பக்கமா நழுவிப் போய் லைன்பேக்கரைப் பிடிக்கணும், ஆனா 4ஐ ஆளு அந்த வழியிலயே உக்காந்திருக்கான். டேக்கிள் அவனை உரசிட்டுத் தாண்டறதுக்குள்ள லைன்பேக்கர் என் மூக்குக்கு முன்னாடி நிக்கிறான், ஃபுல்பேக்குக்கு குடுக்கலாம்னா அங்க 4ஐ-யே இருக்கான், சரி உருவிட்டு ஓடலாம்னா லைன்பேக்கர் ஓடி வர்றான், ஆக கணக்குப்படி எல்லாம் சரியா படிச்சாலும் ரெண்டு யார்டுக்கு மேல போகாது. கடைசில டேக்கிளை வெளிப்பக்கமா சுத்திப் போகச் சொல்லி மாத்தினாங்க, கூடவே ராக்கெட் டாஸ் (ஓரத்துக்கு வேகமா ஓடறவனுக்கு பந்தை எறிஞ்சு குடுக்கறது) போட்டு வெளிய வெளியன்னு இழுத்தாங்க, அதுக்கப்புறம்தான் 4ஐ ஆளுங்க கொஞ்சம் அகலமா நிக்க ஆரம்பிச்சாங்க.

அட்லாண்டா அண்ணாச்சி:

தம்பி, நான் ஆடினவன் இல்ல, பாத்தவன். 2008ல ஜார்ஜியா டெக்ல படிச்சுக்கிட்டு இருந்தேன், ட்ரிபிள் ஆப்ஷன் கோச் பால் ஜான்சன் நேவி டீம்ல இருந்து வந்த முதல் வருஷம். எனக்கு அப்ப ஃபுட்பால்ல டச்டவுன் தவிர ஒண்ணும் தெரியாது. லேப்ல கூட இருந்த பயலுவ ஒரு வியாழக்கிழமை ராத்திரி பாபி டாட் ஸ்டேடியத்துக்கு இழுத்துட்டுப் போனானுவ, மியாமி மேட்ச். பந்தை எறியவே மாட்டேங்கானுவளே, இது என்ன ஆட்டம்னு கேட்டேன். 41-23ன்னு ஜெயிச்சானுவ, ஓடி மட்டுமே 472 யார்டு. மியாமி பயலுவ ஒவ்வொருத்தனும் நம்மள மாதிரி மூணு பேரு சைஸ், வேகமும் இருக்கு, ஆனா யாரைப் பிடிக்கணும்னே தெரியாம நிக்கானுவ. அடுத்த வாரம் ஏதென்ஸ்ல போய் ஜார்ஜியா யூனிவர்சிட்டியையும் 45-42ன்னு அடிச்சானுவ, அதை டிவில பாத்தோம்.

ஆனா நீ கேட்ட கேள்விக்கு என் பதில் வேற. ஃப்ரன்ட் எல்லாம் அப்புறம், டிஃபென்ஸுக்குத் தயாராக நாள் எத்தனை கிடைச்சுதுங்கதுதான் முதல்ல. அதே வருஷக் கடைசில சிக்-ஃபில்-ஏ பவுல்ல (சீசன் முடிஞ்சு நடக்கிற மேட்ச்) லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) டெக்கை 38-3ன்னு நொறுக்கிட்டானுவ. அடுத்த சீசன் ஆரஞ்ச் பவுல், 2010 ஜனவரி, அயோவா 24-14ன்னு டெக்கை அடிச்சான். அயோவா என்ன பெருசா மாயம் பண்ணினான்? அவன் வருஷம் பூரா ஆடுற அதே சாதா 4-3. நீ கொண்டாட்டம்னு சொன்னியே, அதே 4-3. ஆனா அந்த டிஃபென்சிவ் லைன்ல ஏட்ரியன் கிளேபார்ன்னு ஒருத்தன் இருந்தான், அவன் கிட்ட ப்ளாக்கே நிக்கல. ஒரு மாசம் உக்காந்து படிச்சிருக்கானுவ, டைவுக்கு உரியவன் டைவை விட்டு அசையல, பிட்ச்சுக்கு உரியவன் பிட்ச்சை விட்டு அசையல. டெக்குக்கு மொத்தமே 155 யார்டுதான்.

டல்லாஸ் அப்பா:

அண்ணாச்சி சொல்றதுல பாதி சரிங்க. ஒரு மாசம் டைம் கிடைச்சா யாரும் நிறுத்திடுவாங்கன்னா, 2014 ஆரஞ்ச் பவுலுக்கு என்ன சொல்றீங்க? மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் அதே மாதிரி வாரக்கணக்கில டைம் இருந்துச்சு, அவங்களும் நாலு பேர் லைன்தான், 49-34ன்னு வாங்கிட்டுப் போனாங்க, ஜார்ஜியா டெக் ஓடினதே 452 யார்டு. டெக் குவாட்டர்பேக் ஜஸ்டின் தாமஸ் அன்னிக்கு அப்படி ஓடினான். அதனால டைமும் வேணும், கிளேபார்ன் மாதிரி ஆளும் வேணும்ங்க.

நான் எதிர்ப்பக்கத்து ஆளு. பையன் இங்க டெக்ஸஸ் ஹைஸ்கூல்ல அவுட்சைட் லைன்பேக்கர். எங்க டிஸ்ட்ரிக்ட்ல ஒரே ஒரு ஸ்கூல்தான் ஆப்ஷன் ஓடுது, மத்த எல்லாரும் ஸ்ப்ரெட் (ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தற ஆட்டம்). அந்த ஒரு வாரம் மட்டும் ப்ராக்டிஸே வேற மாதிரி இருக்கும்ங்க. முதல் ரெண்டு நாள் ஸ்கௌட் டீம் (எதிர் டீம் மாதிரி ஆடிக் காட்டற நம்ம பசங்க) பந்தே இல்லாம ஓடுவாங்க! நிஜமாங்க. பந்து இருந்தா பசங்க கண்ணு பந்து பின்னாடியே போயிடுதாம், அதனால பந்தைப் பிடுங்கி வெச்சுட்டு உனக்குக் குடுத்த ஆளை மட்டும் இடி, அவன் கைல பந்து இருக்கா இல்லையாங்கறது உன் கவலை இல்லைன்னு சொல்லிக் குடுக்கறாங்க. பெரிய ஜிம் பந்துகளை கால் முட்டி பக்கமா உருட்டி விட்டு அதைக் கையால அமுக்கி விலகிப் பழகறாங்க, கட் ப்ளாக்குக்காக (இடுப்புக்குக் கீழ பாய்ஞ்சு தடுக்கறது). ஆனா எவ்ளோ பண்ணினாலும் ஸ்கௌட் டீம் பசங்களால அந்த வேகத்துல ஓட முடியாதுங்க, மேட்ச்ல முதல் ரெண்டு சீரீஸ்ல எல்லாருக்கும் தலை சுத்தத்தான் செய்யும்.

என் பையன் வேலை பிட்ச் கீ. அவங்க கோச் சொல்லிக் குடுத்தது, குவாட்டர்பேக் மேல பாயாத, ஏ-பேக் கிட்டயும் ஓடிடாத, ரெண்டுக்கும் நடுவுல தோளைத் திருப்பாம பக்கவாட்டுல நகர்ந்துக்கிட்டே இரு, அவனை முடிவெடுக்க விடாத. கபடில கார்னர்ல நிக்கிறவன் ரெய்டரை உள்ள இழுக்கறதுக்காக மெல்ல மெல்லப் பின்வாங்குவான் பாருங்க, அச்சு அசல் அதேதான். ரெண்டு செகண்டு இழுத்தடிச்சா உள்ள இருந்து துரத்தி வர்றவன் பிடிச்சிடுவான். நல்லாத்தான் வேலை செஞ்சுது, அந்தப் பக்கத்து குவாட்டர்பேக் பிட்ச்சுக்குக் காத்திருக்காம நேரா இவன் உள்தோளைக் குறி வெச்சு ஓடி வர ஆரம்பிக்கற வரைக்கும். அப்புறம் இவன் நின்னு இடிச்சே ஆகணும்ல, பந்து சட்டுனு வெளிய போயிடும்.

பிட்ச்கீ:

டல்லாஸ் அண்ணா, அதுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தது. நிக்கிறவனை நீ போய் சண்டைக்கு இழு, அவன் வர்ற வரைக்கும் காத்திருக்காத.

ஸ்ப்ரெட் பையன்:

ப்ரோ இந்த ஃப்ளெக்ஸ்போன் எல்லாம் இன்னும் எவன் ஓடறான்? ஷாட்கன்ல (குவாட்டர்பேக் சென்டரை விட்டு பின்னாடி தள்ளி நிக்கறது) ஸோன் ரீட் ஓடுங்க, கோச் ரிச் ரோட்ரிகஸ் க்ளென்வில் ஸ்டேட்ல 90கள்லயே கண்டுபுடிச்சு குடுத்துட்டாரு, ஒரே எண்டைப் படி, வேலை முடிஞ்சுது. நான் காலேஜ்ல இன்ட்ராமியூரல் ஃப்ளாக் ஃபுட்பால்ல அதைத்தான் ஓடறேன் சிரிக்காதீங்க. எதிர் டீம்ல ஒருத்தன் உஷாராயி ஸ்க்ரேப் பண்ண ஆரம்பிச்சான், எண்டு உள்ள பாய்வான், நான் அட சூப்பர்னு பந்தை உருவிட்டு வெளிய வந்தா பின்னாடி இருந்த ஆளு அங்க வந்து காத்திட்டு நிக்கறான். அதுக்கப்புறம் கூட ஒரு ஆளை வெளிய சுத்தி ஓட விட்டு அந்த ஸ்க்ரேப் பண்றவன் மேல அனுப்பினோம், செட்டாயிடுச்சு.

அட்லாண்டா அண்ணாச்சி:

நீ வெளிய ஒருத்தனை ஓட விட்டியே, அவன் கைக்கு பந்தும் போற மாதிரி வெச்சா அது பேரு ட்ரிபிள் ஆப்ஷன் தம்பி. சுத்திச் சுத்தி இங்கதான் வரணும்.

எவன் ஓடறான்னு கேக்கியே, ஆர்மி (மிலிட்டரி அகாடமி டீம்) ஓடறான். 2018ல ஓக்லஹோமாவுல போய் ஓவர்டைம் வரைக்கும் இழுத்தானுவ, 28-21ன்னு தோத்தானுவதான், ஆனா பந்து அவனுவ கைல இருந்தது 44 நிமிஷம் 41 செகண்டு. ஓக்லஹோமா குவாட்டர்பேக் கைலர் மரே அந்த வருஷம் ஹைஸ்மன் (காலேஜ்ல சிறந்த ஆட்டக்காரன் விருது) வாங்கினவன், அவன் பாவம் பாதி நேரம் பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாத்தான். 2022ல கட் ப்ளாக் ரூலை மாத்தினானுவ, டேக்கிள் பாக்ஸுக்கு (ரெண்டு டேக்கிளுக்கும் நடுவுல உள்ள இடம்) வெளிய இடுப்புக்குக் கீழ ப்ளாக் பண்ணக் கூடாதுன்னு. ஏ-பேக் கையை உடைச்ச மாதிரி ஆயிட்டு. 2023ல ஆர்மியே ஷாட்கன்னுக்குப் போனானுவ, சரிப்படல. 2024ல மறுபடியும் சென்டர் கீழ (குவாட்டர்பேக் சென்டரை ஒட்டியே நிக்கறது) வந்தானுவ, 12-2, கான்ஃபரன்ஸ் சாம்பியன்.

ஓலைன் மாமா:

லேட்டா வர்றேன். வட கரோலினால ஒரு சின்ன ஸ்கூல்ல ஓலைன் (ஆஃபென்சிவ் லைன்) பசங்களுக்கு சாயங்காலம் உதவிக்குப் போறவன். எனக்கு 4ஐ எல்லாம் பயமில்ல, 3-3 ஸ்டாக்தான் பயம்.

ஏன்னா நாங்க ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைக் குடுத்து ப்ளே ஆரம்பிக்கறது) முன்னாடி எண்ணுவோம். டேக்கிள் மேலயோ அவனுக்கு வெளியவோ லைன்ல நிக்கிற முதல் ஆளு ஒண்ணு, அவனுக்கு வெளிய அடுத்தவன் ரெண்டு, பின்னாடி இருந்து உதவிக்கு வர்றவன் மூணு. ஒண்ணைப் படி, ரெண்டைப் படி, மூணை ப்ளாக் பண்ணு. 4-3ல இதுல குழப்பமே வராது. ஸ்டாக்ல லைன்பேக்கர் மூணு பேரும் லைன்ல இருக்கறவனுக்கு நேர் பின்னாடி ஒளிஞ்சு நிப்பாங்க. ஸ்னாப் ஆன உடனே முன்னாடி இருக்கறவன் உள்ள சாய்வான், பின்னாடி இருக்கறவன் வெளிய வருவான், அடுத்த தடவை அப்படியே உல்டா. ஒண்ணுன்னு எண்ணினவன் ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு எண்ணினவன் மூணு. எங்க குவாட்டர்பேக் ஹாஃப்டைம்ல வந்து, சார் நான் யாரைப் படிக்கணும்னு கேட்டான், எங்க ஹெட் கோச் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும்: ஆளைப் படிக்காத, இடத்தைப் படி. அந்த கேப்ல யாரு வந்தாலும் அவன்தான் உன் டைவ் கீ, சட்டை நம்பர் என்னவா இருந்தா என்ன.

ப்ளாக்கிங்கும் அப்படியே மாத்தினோம். கார்டும் டேக்கிளும் ஆளைத் தேடிப் போகாம அவங்கவங்க பாதைல போகணும், குறுக்க வர்றவனை எடுத்துக்கணும். இன்னொண்ணு, ஸ்டாக்ல லைன்ல மூணே பேர்தான், நடுவுல கனம் இல்ல, அதனால நீ பிடிவாதமா டைவை குடுத்துக்கிட்டே இருந்தா நாலு நாலு யார்டா கிடைக்கும். 2004 எமரால்ட் பவுல் தெரியுமா, நேவி நியூ மெக்சிகோவோட ஆடினது? கோச் ராக்கி லாங்கோட டீம், இந்த மாதிரி 3-3-5ன்னாலே அவர் பேருதான் முதல்ல வரும். அவருக்கு எதிரா நேவி ஒரே டிரைவ்ல 26 ப்ளே ஓடினாங்க, 14 நிமிஷம் 26 செகண்டு, கிட்டத்தட்ட ஒரு முழு குவார்ட்டர். அதுவும் கடைசில டச்டவுன் கூட இல்ல, ஃபீல்டு கோல். ஆனா எதிர் டீமுக்கு பந்தே கிடைக்கலையே. 34-19. அன்னிக்கு நேவி கோச் யாரு? அண்ணாச்சியோட அதே பால் ஜான்சன்.

ஸ்ப்ரெட் பையன்:

ஒரு டிரைவ் 14 நிமிஷமா, நான் டிவிய ஆஃப் பண்ணிருப்பேன் ப்ரோ

புதுசு:

எல்லாம் படிச்சேன், பாதி புரிஞ்சுது. பொண்ணு ஸ்கூல் பேண்ட்ல வாசிக்கறா, அதனால வெள்ளிக்கிழமை மேட்ச் எல்லாம் போறோம், எங்க டீம் இந்த ஃப்ளெக்ஸ்போன்தான் ஓடுது. அடுத்த வாரம் எதிர்ல 5-3 ஆடுற டீமாம். கேலரில உக்காந்து நான் எதைப் பாக்கணும்?

ஓலைன் மாமா:

நடுவுல அஞ்சு பேர் அடைச்சு நிப்பாங்க, அதனால உள்ள ஃபுல்பேக்குக்கு ஒண்ணும் கிடைக்காது, முதல்ல கொஞ்ச நேரம் போரடிக்கும். நீங்க பந்தைப் பாக்காம அவங்க சேஃப்டியைப் பாருங்க, 5-3ல பின்னாடி ஒரே ஒரு சேஃப்டிதான் இருப்பான். ஏ-பேக் ஸ்னாப்புக்கு முன்னாடி குறுக்க ஓடறப்ப அந்த சேஃப்டியும் கூடவே அந்தப் பக்கம் ஓடறானா, இல்ல நின்ன இடத்துலயே இருக்கானா? கூடவே ஓடினா நம்ம கோச் சும்மா விட மாட்டார், ஒரு தடவை அந்தப் பக்கம் ஆப்ஷன் மாதிரி காட்டிட்டு எதிர்ப்பக்க ரிசீவருக்கு நீளமா ஒரு பாஸ் வரும். அது வர்றப்ப பேண்ட்காரங்களையும் எழுந்து நிக்கச் சொல்லுங்க.