புதுப்பிப்பு: 800 லிட்டர் பவளத் தொட்டிக்கான கருவிச் செலவுத் திட்டம்

முதலில் போட்ட பட்டியலில் தொட்டி, விளக்கு, ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) மூன்றுக்கும்தான் பெரும்பங்கு ஒதுக்கியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

ஹீட்டரில்தான் பெரிய மாற்றம். 600 வாட் ஒன்றுக்குப் பதில் 300 வாட் இரண்டு, கூடவே தனி வெப்பக் கட்டுப்படுத்தி. ஹீட்டர் கெடும்போது பெரும்பாலும் அணையாமல் மாட்டிக்கொள்ளும். அப்படி ஒன்று மாட்டிக்கொண்டால், சம்ப்போடு (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டி) சேர்த்து சுமார் 900 லிட்டர் நீரை 300 வாட் 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் பிடிக்கும். 600 வாட்டுக்கு அதில் பாதிதான். அந்த இடைவெளியில்தான் பவளங்கள் பிழைக்கின்றன. இதில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரிட்டர்ன் பம்ப்பின் (சம்ப்பிலிருந்து நீரை மேலே தொட்டிக்கு ஏற்றுவது) பெட்டியில் போட்டிருப்பது பூஜ்ய உயரத்துக்கான நீரோட்ட அளவு. ஒன்றரை மீட்டர் ஏற்றமும் நாலைந்து எல்போவும் (குழாய் வளைவு) சேர்ந்தால் நன்றாகவே குறையும். மணிக்கு 3,000 லிட்டர் வேண்டுமானால், அந்த உயரத்தில் அது கிடைக்குமா என்று பம்ப்பின் உயரம்-நீரோட்ட வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள்.

குழாய்நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ/டிஐ கருவி “பிறகு பார்க்கலாம்” வரிசையில் இருந்தது. முதல் நாளுக்கே மாற்றிவிட்டேன். குழாய்நீரின் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசியை வளர்க்கும், செம்பு பவளத்தைக் கொல்லும்.

விட்டுப்போன தொடர்செலவு, கடல்நீர் கலக்கும் உப்பு: லிட்டருக்குச் சுமார் 38 கிராம். நிரப்ப 34 கிலோ, பிறகு 20% நீர்மாற்றத்துக்கு மாதம் 7 கிலோ.