மறுமொழி: 'லேண்ட்ஸ்கேப் பார்க்' – வனைநிலம் எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

> ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகையைச் சுற்றியுள்ள லேண்ட்ஸ்கேப் பார்க்கை 'நிலத்தோற்றப் பூங்கா' என்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் வரும் ஹா-ஹாவுக்கு 'அகழி' போதும்.

இரண்டிலுமே எனக்கு உடன்பாடு இல்லை. (ஹா-ஹா என்பது தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் தடுப்புச் சுவர்; அதற்குப் பிறகு வருகிறேன்.) முதலில் 'பூங்கா'. அந்தச் சொல்லைக் கேட்டதும் பூப்பாத்தியும் நடைபாதையும் ஊஞ்சலும்தான் நினைவுக்கு வரும். 18ஆம் நூற்றாண்டில் 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற ஆங்கிலத் தோட்ட வடிவமைப்பாளர் செய்ததோ வேறு. மாளிகையின் வாசல்வரை புல்வெளியைக் கொண்டுவந்தார்; காய்கறித் தோட்டம் சுவருக்குப் பின்னால் கண்ணில் படாமல் ஒதுங்கியது. புல்லில் ஆடும் மாடும் மானும் மேய்ந்தன. பார்க்கும் அழகும் மேய்ச்சலும் ஒரே நிலத்தில் கிடைத்தன.

அடுத்து, 'நிலத்தோற்றம்' என்றால் நிலம் தானாக அப்படித் தோன்றுகிறது என்றாகிவிடும். இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோ மாளிகைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காப்ஹம் பிரபுவுக்காகச் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் முதலில் போட்டது நேர்கோட்டுப் பாதைகளும் எண்கோணக் குளமும். 1730களில் வில்லியம் கென்ட் வந்து கோடுகளை வளைத்தார். 1741இல் தோட்டப் பணிக்குச் சேர்ந்த பிரவுன் அங்கே பத்தாண்டு இருந்தார். அவர் காலத்தில் உருவான 'கிரேக்கப் பள்ளத்தாக்கு' இயற்கைப் பள்ளத்தாக்கே அல்ல, ஆட்கள் மண்வெட்டி பிடித்துத் தோண்டியது. எண்கோணக் குளத்தின் மூலைகளையும் பிற்பாடு மழுக்கி ஏரிபோல ஆக்கிவிட்டார்கள். பிளெனிம் மாளிகையில் பிரவுன் காட்டியது இன்னும் துணிச்சல்: 1760களில் கிளைம் என்னும் சிற்றாற்றை அணைகட்டித் தேக்கியதில், கட்டடக் கலைஞர் வான்ப்ரோ கட்டிய பெரிய பாலத்தின் கீழ்த்தள அறைகள் நீருக்குள் போயின. இன்று அங்கே போகிறவருக்கு அந்த ஏரி காலங்காலமாக இருப்பதாகவே தோன்றும்.

ஆகவே என் பரிந்துரை வனைநிலம். குயவர் மண்ணை வனைவதுபோல இவர்கள் ஒரு நிலப்பரப்பையே வனைந்தார்கள். வினைத்தொகை என்பதால் வனைந்த, வனைகின்ற, வனையும் என மூன்று காலமும் அதில் அடங்கும். இது இங்கே மிகவும் பொருந்துகிறது. 1783இல் இறந்த பிரவுன், தான் நட்ட ஓக் மரங்கள் பலவற்றைக் கன்றாகத்தான் பார்த்திருப்பார். அவர் மனத்தில் இருந்த காட்சி முழுமை பெற்றது பேரப்பிள்ளைகள் தலைமுறையில். ஹம்ப்ரி ரெப்டன் போன்ற லேண்ட்ஸ்கேப் கார்டனரை 'வனைநிலக் கலைஞர்' எனலாம்.

'புனைநிலம்' இன்னும் இனிமையாக இருக்குமே என்று கேட்கக்கூடும். புனைகதை பரவிவிட்ட இக்காலத்தில் அது கற்பனை நிலம் என்றே படும். இங்கே நடந்தது கற்பனை அல்ல. வாழ்ந்த ஊர்கள் போயிருக்கின்றன. டார்செட்டில் மில்டன் பிரபு தன் மாளிகையை ஒட்டியிருந்த சந்தை ஊரையே இடித்துவிட்டு, 1780 வாக்கில் குடிகளைத் தள்ளிப் புதிய ஊரில் அமர்த்தினார். அந்த வேலையிலும் பிரவுனுக்குப் பங்கு உண்டு. ஸ்டோவிலும் பழைய ஊர் இல்லை, அதன் தேவாலயம் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. நிலத்தை யாரோ தம் விருப்பப்படி மாற்றினார்கள் என்பதைச் சொல்லாத கலைச்சொல் அந்தக் குடிகளுக்கும் நியாயம் செய்யாது.

சரி, ஹா-ஹாவுக்கு வருவோம். அகழி கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் நீரும் நிற்கும். இது அப்படியல்ல. ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் மெல்லச் சரியும் புல்தரை. சுவரின் தலை மாளிகைப் பக்கத்துத் தரைக்குச் சமமாக இருப்பதால், மாளிகையில் நிற்பவருக்குத் தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒரே பரப்பாகத் தெரியும். மேயும் மாடோ சரிவில் இறங்கிச் சுவரில் முட்டி நிற்கும். கிட்டே போனதும் 'ஆ!' என்று வியப்பதால் வந்த பெயர் என்று 1709இலேயே ஒரு பிரெஞ்சுத் தோட்டக்கலை நூல் சொல்கிறது. காவல் செய்வது பள்ளம் அல்ல, அதற்குள் இறங்கிய சுவர். எனவே ஆழ்மதில். 'தாழ்மதில்' என்றும் யோசித்தேன். குட்டைச் சுவர் என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது.

புல்வெளியில் ஆங்காங்கே விடும் மரக்கூட்டத்துக்கு 'மரத்திட்டு' சரியாக இருக்கும். எல்லையைச் சுற்றி நட்டு வெளியுலகை மறைக்கும் மரவரிசைக்குத்தான் நல்ல சொல் அகப்படவில்லை: 'மரவேலி' என்றால் கட்டையால் செய்த வேலி ஆகிவிடுகிறது. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்