வளைவுக்கும் விரிகோண மூலைக்கும் ஏற்ற கார்னர் பீட் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

குழு அன்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறோம். அதில் ஒரு வளைவு வாசலும், 135 பாகையில் திரும்பும் இரண்டு மூலைகளும் உள்ளன. நேர்மூலைகளுக்கு மேஸ்திரி வழக்கமான ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கார்னர் பீட், அதாவது மூலை விளிம்பைக் காக்கும் மடித்த தகடு, அடித்துவிட்டார், அதில் குறையில்லை. சிக்கல் மற்ற இடங்களில்தான். 90 பாகைக்கென மடித்து வரும் அந்தத் தகடு விரிகோணத்தில் சரியாக உட்காராமல் ஓரம் தூக்கி நிற்கிறது. வெறும் காகித டேப்பை ஒட்டிப் பூசிய மூலையிலோ, மயிரிழை விரிசல் நெடுக ஓடுவதோடு விளிம்பும் அலையலையாகத் தெரிகிறது.

வளைவுக்கு, ஒரு பக்க இறக்கை துண்டுதுண்டாகப் பிரிந்திருக்கும் பி.வி.சி. ஆர்ச் பீடும், விரிகோணத்துக்கு, காகிதத்தின் உட்புறம் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள் ஒட்டிய, வேண்டிய கோணத்துக்கு மடியும் டேப்பும்தான் சரி என்பது என் எண்ணம். மேஸ்திரியோ இருக்கிற பீடையே ஆங்காங்கே நறுக்கி வளைத்து, மீதியைப் புட்டியால் மறைத்துவிடலாம் என்கிறார். எனக்கு அதில் மனமில்லை.

ஜே.சி. ரோடு, எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்டால் நேர் பீடையே எடுத்து நீட்டுகிறார்கள். இவ்விரண்டும் சில்லறையாகக் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் அருள்கூர்ந்து சொல்லுங்கள். மேலும், பி.வி.சி. பீடுக்கு ஸ்டேப்ளர் பின் மட்டும் போதுமா, பசையும் தேவையா என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் தெரிவித்தால், பெயின்டர் வருவதற்குள் வேலையை முடித்துவிடுவேன்.